வீட்டுப் பண்ணைக்கு எந்தக் கோழி, எந்தப் பன்றி?

கேள்வி இதுதான்: வீட்டை ஒட்டி அரை ஏக்கர் நிலம், நான்கு பேர் குடும்பம். முட்டையும் கறியும் வீட்டுத் தேவைக்குக் கிடைத்தால் போதும், விற்கும் எண்ணம் இல்லை. கோழியில் எந்த இனம், பன்றியில் எந்த இனம் வாங்கலாம்? கூடவே ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறீர்கள். கோழியில் ரோட் ஐலண்ட் ரெட், ஆர்பிங்டன், சில்கி, பிராய்லர். பன்றியில் வெண்பன்றி, டாம்வர்த், மங்கலிட்சா, குனேகுனே. தாய்ப்பன்றி ஒன்று வைத்து வீட்டிலேயே குட்டி எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கோழியில், முட்டைக்கும் கறிக்கும் ஆகிற இனம் ஒன்றே ஒன்று; எட்டுப் பெட்டை, ஒரு சேவல். ரோட் ஐலண்ட் ரெட், பிளைமவுத் ராக், சசெக்ஸ், ஆஸ்ட்ரலார்ப் ஆகிய நான்கில் எது உங்களுக்குப் பக்கத்தில் நல்ல வழியில், அதாவது நன்றாகப் பொறுக்கி வளர்த்த பரம்பரையில், கிடைக்கிறதோ அது. பன்றியில், எட்டு வாரம் ஆன கலப்பினக் குட்டி இரண்டு. தாய்ப்பன்றி இப்போதைக்கு வேண்டாம். இனத்தின் பெயரை இவ்வளவு யோசிக்கிறீர்கள். அதில் பாதி யோசனையை, அந்தக் குஞ்சும் குட்டியும் யாரிடமிருந்து, எப்படிப்பட்ட தாய் தகப்பனுக்குப் பிறந்து வருகின்றன என்பதில் செலவிடுங்கள். ஏன் என்று இனி விரிவாகச் சொல்கிறேன்.

நான் முதன்முதலில் வாங்கியது ரோட் ஐலண்ட் ரெட்தான். கறுப்போ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அடர்ந்த சிவப்பு, வெயில் பட்டால் எண்ணெய் தடவியதுபோல் மின்னும். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அசந்து போனார்கள். ஆனால் வருடம் முழுக்கக் கணக்கெழுதிப் பார்த்ததில் எந்தப் பெட்டையும் 130 முட்டையைத் தாண்டவில்லை. புத்தகத்தில் 250 என்று போட்டிருந்தது! விற்றவர் ஏமாற்றவில்லை, அசல் இனம்தான். ஆனால் அவை கண்காட்சிக்காகத் தலைமுறை தலைமுறையாக நிறத்தையும் உடல்வாகையும் மட்டும் பார்த்துப் பொறுக்கிய வழி. இரண்டாவது தடவை வாங்கியவை செங்கல் நிறத்தில், கொஞ்சம் சாயம் போன மாதிரி இருந்தன. அவை முட்டைக்கென்று பொறுக்கிய வழி. 220-க்குக் குறையாமல் இட்டன. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

இதற்கு உங்கள் பட்டியலிலேயே இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது: ஆர்பிங்டன். இங்கிலாந்தில் கறுப்பு ஆர்பிங்டனைக் கண்காட்சிக்காரர்கள் கையில் எடுத்து, பஞ்சு மூட்டை மாதிரி இறகு வைத்த பறவையாக மாற்றினார்கள். அதே கறுப்பு ஆர்பிங்டன் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் முட்டையை மட்டும் பார்த்துப் பொறுக்கினார்கள். அதுதான் ஆஸ்ட்ரலார்ப். 1922-23-ல் அங்கே நடந்த முட்டையிடும் போட்டியில் ஆறு பெட்டைகள் 365 நாளில் 1857 முட்டை இட்டன. ஒரு பெட்டைக்குச் சராசரி 309-க்கு மேல். பல்பு வெளிச்சம் போட்டு ஏமாற்றாமல் வந்த கணக்கு அது. ஆகவே விற்பவரிடம் "இது என்ன இனம்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "போன வருடம் உங்கள் பெட்டைகள் எத்தனை இட்டன? எத்தனை மாதத்தில் முட்டைக்கு வந்தன? சேவல் என்ன எடை?" என்று கேளுங்கள். சட்டென்று பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள். கணக்கே வைக்காதவர், "நல்லா இடும்" என்று மட்டும் சொல்வார்.

சரி, கோழிக்கு வருவோம். வீட்டுக் கோழியிடம் நாம் மூன்று வேலை எதிர்பார்க்கிறோம்: முட்டை, கறி, அடை. மூன்றையும் முதல் தரமாகச் செய்கிற கோழி கிடையாது; இருக்கவும் முடியாது. வெள்ளை லெகார்னை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு இரண்டு கிலோதான். வருடத்துக்கு 300 முட்டை, ஒன்று 60 கிராம் என்றால் 18 கிலோ. தன் எடையைப் போல் ஒன்பது மடங்கை ஒரு வருடத்தில் முட்டையாகவே வெளியே தள்ளுகிறது. அப்புறம் மார்பில் சதை போட எதை வைத்துப் போடும்? அடை உட்காரவும் அதற்குத் தோன்றாது. அடையில் இருக்கும் நாட்களில் முட்டை நின்றுவிடும் என்பதால், முட்டையைப் பார்த்துப் பொறுக்கப் பொறுக்க அடைக் குணம் தானாகவே கழிந்துபோனது. லெகார்ன் குறைந்த தீவனத்தில் நிறைய முட்டை தரும், ஆனால் கொஞ்சம் படபடப்பு, ஆறடி வேலியைத் தாண்டிப் பறக்கும். முட்டை மட்டும் போதும் என்பவர்களுக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

பிராய்லர் அதற்கு நேர் எதிர். கார்னிஷ் என்ற கோழி அசீல் என்ற சண்டைக்கோழியின் ரத்தம் கலந்து இங்கிலாந்தின் கார்ன்வாலில் உருவானது. முதலில் சண்டைக்குத்தான் நினைத்தார்கள், கடைசியில் அகன்ற மார்புதான் மிஞ்சியது. அதை வெள்ளை பிளைமவுத் ராக் வழியோடு சேர்த்து, 1940-களிலிருந்து வேக வளர்ச்சி ஒன்றையே குறிவைத்துப் பொறுக்கியதில் வந்தது இன்றைய பிராய்லர். ஆறேழு வாரத்தில் இரண்டு இரண்டரைக் கிலோ வந்துவிடும். இதை வீட்டுக் கோழிகளோடு சேர்த்து விட்டு "மெதுவாக வளரட்டும்" என்று நினைத்தால் பாவம், பத்தாவது வாரத்தில் கால் தாங்காது, இதயமும் தாங்காது; வயிற்றில் நீர் கோர்த்துச் சாகும். வளர்ப்பதானால் தனியாக, இருபது குஞ்சு ஒரு தொகுதி என்று வளர்த்து, ஏழெட்டு வாரத்தில் முடித்துவிட வேண்டும். அதன் முட்டையில் குஞ்சு எடுக்கும் ஆசை வேண்டாம்; அடுத்த தலைமுறை ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

பழுப்பு முட்டைக் கலப்பினங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முதல் வருடம் 300-க்கு மேல் இட்டு அசத்தும். அதற்கு மேல் மளமளவென்று இறங்கும். கர்ப்பப் பாதைக் கோளாறில் சாவதும் இவற்றில் அதிகம். வருடாவருடம் புதிதாக வாங்கத் தயார் என்றால் நல்ல தேர்வு. வீட்டிலேயே வம்சம் நீள வேண்டும் என்றால் இல்லை.

உங்களுக்கு நான் இரட்டைப் பயன் இனத்தைச் சொல்வது இதனால்தான். எட்டுப் பெட்டை, வருடத்துக்குப் பெட்டை ஒன்றுக்கு 220 முட்டை என்றால் நாளொன்றுக்குச் சராசரி ஐந்து. நான்கு பேருக்குத் தாராளம். ஆனால் சராசரியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பகல் நீளமாக இருக்கும் மாதங்களில் நாளுக்கு ஏழு வரும், இறகு உதிர்க்கும் காலத்தில் இரண்டு மாதம் வெறும் கூடையைப் பார்க்க வேண்டியிருக்கும். கோழி முழு வேகத்தில் முட்டை இட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பதுதான் அதன் காரணம். எல்லாக் கோழியையும் ஒரே வயதில் வாங்காமல், பாதியை இந்த வருடமும் மீதியை அடுத்த வருடமும் சேர்த்தால் அந்த வறண்ட மாதங்கள் கொஞ்சம் நிரவும்.

இரட்டைப் பயன் இனத்தில் ஒரு கசப்பும் உண்டு. பொரிக்கிற குஞ்சில் பாதி சேவல். அதைக் கறிக்கு வளர்க்க நான்கு நான்கரை மாதம் ஆகும். அதே எடைக்குப் பிராய்லர் தின்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தீவனம் போகும். இதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். கறி இறுக்கமாக, நல்ல ருசியாக இருக்கும் என்பது உண்மை. மலிவு என்பது உண்மையில்லை.

இங்கே ஒரு சின்ன உத்தி. ரோட் ஐலண்ட் ரெட் சேவலை வெளிர் சசெக்ஸ் பெட்டையோடு சேர்த்தால், பொரித்த அன்றே குஞ்சின் நிறத்தில் ஆண் பெண் தெரியும். பெண் குஞ்சு தகப்பனைப் போல் செம்பழுப்பு, ஆண் குஞ்சு தாயைப் போல் வெளிர் மஞ்சள். அந்த நிறத்தின் மரபணு பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. பறவையில் பெட்டை தன்னிடம் உள்ள அந்த ஒரே பிரதியை மகனுக்கு மட்டும்தான் கொடுக்கும். மகள் தகப்பனிடமிருந்து மட்டும் வாங்கும். தலைகீழாக, சசெக்ஸ் சேவலும் ரோட் ஐலண்ட் பெட்டையுமாகச் சேர்த்தால் இந்தக் கண்கட்டு வித்தை நடக்காது. இப்படி வந்த பெட்டைகள் நன்றாகவே இடும். ஆனால் அவற்றை மறுபடி இணைசேர்த்து அதே பலனை எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவது வேலை, அடை. நல்ல முட்டை வழி எதுவானாலும் அடை உட்காருவது நிச்சயமில்லை. உங்கள் பட்டியலில் உள்ள சில்கியை முட்டைக்காக வாங்காதீர்கள். வருடத்துக்கு நூறு சொச்சம், அதுவும் சின்ன முட்டை. ஆனால் இன்குபேட்டருக்குப் பதிலாக வாங்குவதென்றால் இரண்டு கைகளாலும் ஆதரிக்கிறேன். பிளாஸ்டிக் முட்டையைக் கண்டால்கூட உட்கார்ந்துவிடும். உடம்பு சின்னது, பெரிய முட்டையில் ஐந்தாறுதான் அதன் வயிற்றுக்கடியில் அடங்கும். 21 நாள் நகராமல் இருந்து, பொரித்த குஞ்சைச் சொந்தக் குஞ்சைப் போலப் பார்த்துக்கொள்ளும். உங்கள் பக்கத்தில் தலைமுறையாக வளர்ந்துவரும் நாட்டுப் பெட்டை ஒன்றிரண்டு கிடைத்தால் அது இன்னும் மேல். பத்துப் பன்னிரண்டு முட்டையை அணைக்கும், பருந்து நிழல் விழுந்தால் குஞ்சுகளை ஒரே குரலில் இறக்கைக்கடியில் வரவழைக்கும். சில்கிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. கொண்டை இறகு கண்ணை மறைப்பதில் மேலே வருவது அதற்குத் தெரியவே தெரியாது.

தட்பவெப்பத்துக்கு ஏற்ற இனத்தைக் கொண்டையைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். பெரிய ஒற்றைக் கொண்டையும் தொங்கும் தாடியும் உடம்புச் சூட்டை வெளியே விடும். வெயில் பகுதிக்கு நல்லது, பனி உறையும் பகுதியில் நுனி கருகிப் போகும். அங்கே வயாண்டட் மாதிரி படிந்த ரோஜாக் கொண்டை வேண்டும். கழுத்தில் இறகில்லாத கோழியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த ஒரு மரபணு உடம்பு முழுக்கவும் இறகைக் குறைப்பதால் கடும் வெயிலில் மற்றவை வாய் பிளந்து இரைக்கும்போது அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். அழகு பார்க்காதவர்களுக்குச் சிபாரிசு செய்வேன். பஞ்சு மூட்டை ஆர்பிங்டனை வெயில் பகுதிக்குச் சொல்ல மாட்டேன்.

கூடு, தீவனம் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் நாலு வரி. ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் மூன்று நான்கு சதுர அடி, வெளியே அடைப்புக்குள் பத்துச் சதுர அடிக்குக் குறையக் கூடாது. நாலைந்து பெட்டைக்கு ஒரு முட்டைப் பெட்டி போதும். வளர்ந்த கோழி நாளைக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். முட்டைக் கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

எந்தப் பெட்டை இடுகிறது, எது சும்மா தின்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையால்தான். இருட்டிய பிறகு கூட்டிலிருந்து மெதுவாக எடுங்கள், கத்தாது. இடது கக்கத்தில் தலை பின்பக்கம் பார்க்க அணைத்துக்கொண்டு, வலது கையால் வாலுக்குக் கீழே தடவுங்கள். இரண்டு மெல்லிய எலும்பு முனைகள் தட்டுப்படும். இடுகிற கோழியில் அந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் சுலபமாகப் படியும். எலும்பும் வளைந்துகொடுக்கும், துவாரம் அகன்று ஈரமாக இருக்கும். இடாத கோழியில் ஒரு விரல்தான் நுழையும், துவாரம் சுருங்கி உலர்ந்திருக்கும். கொண்டையும் காட்டிக்கொடுக்கும்: இடுவது சிவந்து சூடாக, நின்றுபோனது வெளிறிச் சுருங்கி. இந்த ஒரு பரிசோதனை தெரிந்தால் அடுத்த தலைமுறைக்கு எந்தப் பெட்டையின் முட்டையை அடை வைப்பது என்பதை நீங்களே தீர்மானிப்பீர்கள். அப்போது உங்கள் வீட்டிலும் ஒரு வழி உருவாகத் தொடங்கும்.

இனி பன்றி. முதலில் உங்கள் உள்ளாட்சியில் குடியிருப்புப் பகுதிக்குள் பன்றி வளர்க்க அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள். கோழிக்குக் கண்ணை மூடிக்கொள்கிற இடங்கள்கூடப் பன்றிக்கு மூடுவதில்லை. அடுத்தது தீவனம். பால் மறந்த குட்டி 100 கிலோவுக்கு வர சுமார் 250 முதல் 300 கிலோ தீவனம் தின்னும். "மிச்சம் மீதியைப் போட்டே வளர்த்துவிடலாம்" என்று எல்லோரும் சொல்வார்கள். நான்கு பேர் வீட்டில் அவ்வளவு மிச்சம் விழுந்தால் அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டும். தோட்டத்துக் காய்கறிக் கழிவு, உதிர்ந்த பழம், கிழங்கு எல்லாம் நல்லதுதான். ஆனால் இறைச்சி பட்ட எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பதப்படுத்திய பன்றி இறைச்சியில்கூட மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வந்தால் கொட்டிலே காலி. பல நாடுகளில் சமையலறைக் கழிவைப் பன்றிக்குப் போடுவதைச் சட்டமே தடுக்கிறது.

இனங்களைப் பெயர் சொல்லிப் பார்ப்பதற்கு முன், எந்தப் பன்றியானாலும் மூன்று இடத்தைப் பாருங்கள்: காது, மூக்கு, தோல். முகத்தை மூடித் தொங்கும் காது என்றால் பெரும்பாலும் சாது. பக்கத்தில் நடப்பது சரியாகத் தெரியாததால் நிதானமாக நடக்கும், வேலியையும் மதிக்கும். லேண்ட்ரேஸ், லார்ஜ் பிளாக், குளோஸ்டர்ஷயர் ஓல்ட் ஸ்பாட்ஸ் எல்லாம் இந்த வகை. விறைத்து நிற்கும் காது என்றால் விழிப்பு, துடிப்பு, தப்பித்தல். நீண்ட மூக்கு நிலத்தை உழும். குட்டை மூக்கு மேயும். வெள்ளைத் தோல் வெயிலில் கருகும். கறுப்பும் சிவப்பும் தாங்கும். பன்றிக்கு வேர்த்துக் குளிரத் தெரியாது, அதனால்தான் சேறு தேடுகிறது. அது அழுக்குப் புத்தி இல்லை. இடம் இருந்தால் தின்கிற, படுக்கிற மூலையை விட்டுத் தள்ளித்தான் சாணம் போடும்.

வெண்பன்றி, அதாவது லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர், உலகம் முழுக்கப் பரவியதற்குக் காரணம் எதிலும் சோடை போகாததுதான். ஒரு ஈற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு குட்டி, பால் உண்டு, வளர்ச்சி உண்டு, கொழுப்பு குறைவு. ஆறு மாதத்தில் 100 கிலோவை எட்டும். நிழலும் சேற்றுக்குழியும் இல்லாத இடத்தில் மட்டும் வேண்டாம். லேண்ட்ரேஸ் டென்மார்க்கில் உருவான நீளப் பன்றி; நல்ல தாய். டியூராக் சிவப்பு, அமெரிக்காவுக்குச் சொந்தம். கறிக்குள் மெல்லிய கொழுப்பு இழையோடுவதால் ருசிக்குப் பெயர்போனது. வெண்பன்றியும் லேண்ட்ரேஸும் கலந்த தாய்க்கு டியூராக் தகப்பன் என்பதுதான் பண்ணைகளில் சாதாரணமாகக் காணும் மூவழிக் கலப்பு. தாயிடமிருந்து பாலும் நிறைய குட்டியும், தகப்பனிடமிருந்து வளர்ச்சியும் ருசியும் வரும். கலப்பினத்துக்கே உரிய உறுதியும் சேரும். வளர்த்து முடித்துவிடப் போகிற குட்டிக்கு இதைவிட நல்லது தேட வேண்டியதில்லை. உங்களுக்கு நான் சொல்வதும் இதைத்தான். ஒரு விஷயம் மட்டும்: பெல்ஜியத்து பியட்ரன் ரத்தம் நிறைய இருக்கிறது என்றால் தவிர்க்கலாம். சதை மூட்டை மூட்டையாக இருக்கும், ஆனால் அதன் பழைய வழிகளில் ஒரு மரபணுக் குறை உண்டு. வண்டியில் ஏற்றுகிற பதற்றத்திலேயே விழுந்து செத்துப்போகும்.

டாம்வர்த் எனக்குப் பிடித்த பன்றி. செம்பட்டை நிறம், நீண்ட மூக்கு, புதர் மண்டிய நிலத்தை விட்டால் ஒரு பருவத்தில் உழுது தருகிற உழைப்பாளி. கறியும் அருமை. ஆனால் உங்களுக்கு வேண்டாம் என்பேன். 1998-ல் இங்கிலாந்தின் மாம்ஸ்பரியில் இறைச்சிக்கூடத்துக்கு வந்த இரண்டு டாம்வர்த் கலப்புக் குட்டிகள் வேலிக்கடியில் புகுந்து, ஆற்றை நீந்திக் கடந்து ஒரு வாரத்துக்கு மேல் போக்குக் காட்டின. நாடே செய்தியில் பார்த்து அவற்றின் பக்கம் சேர்ந்துகொண்டது, பிடித்த பிறகு கொல்லவும் மனம் வரவில்லை. அரை ஏக்கரில், பக்கத்து வீட்டுத் தோட்டம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, முதல் பன்றியாக இது வேண்டாம்.

மங்கலிட்சா, செம்மறியாடு மாதிரி சுருட்டை மயிர் வைத்த ஹங்கேரியப் பன்றி. கொழுப்புக்காகவே வளர்த்தது. 1990 வாக்கில் இருநூறு தாய்ப்பன்றிகூட மிஞ்சவில்லை என்ற நிலைக்குப் போய் மீண்டது. நீங்கள் வீட்டில் பதப்படுத்தி, மாதக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்தும் ஆள் என்றால் இதற்கு ஈடில்லை. மற்றவர்களுக்கு ஒன்றேகால் வருடம் தீவனம் போட்ட பிறகு நான்கு விரல் கனக் கொழுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கவலைதான் மிச்சம்.

குனேகுனே நியூசிலாந்தில் மாவோரி மக்கள் வளர்த்தது. 1970-களின் கடைசியில் 18 பன்றிகளை மட்டும் வைத்துக் காப்பாற்றத் தொடங்கினார்கள். சின்ன உருவம், தாடைக்குக் கீழே இரண்டு குஞ்சம், நாய்க்குட்டி போன்ற சுபாவம், புல்லை மேய்ந்தே பெரும்பாலும் வாழும். உங்கள் நிலத்தில் பாதி நல்ல புல்வெளி என்றால், அவசரமும் இல்லை என்றால், கலப்பினக் குட்டிக்கு அடுத்தபடி இதைத்தான் சொல்வேன். வளர்ச்சி மிக மெது. தானியத்தைக் கொட்டினால் சதை வராது, கொழுப்புதான் வரும். "மினி பன்றி", "டீக்கப் பன்றி" என்று விற்பதை மட்டும் தொடாதீர்கள். அப்படி ஒரு இனமே கிடையாது. பட்டினி போட்ட குட்டி அல்லது முழுதாக வளராத தாய்க்குப் பிறந்த குட்டி. நன்றாகத் தின்னத் தொடங்கினால் ஐம்பது கிலோவைத் தாண்டிவிடும்.

தாய்ப்பன்றி வைக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு கணக்கு. சினைக்காலம் 114 நாள், மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள் என்று ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். வருடத்துக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்குப் பத்து என்றால் இருபது குட்டி. உங்களுக்கு வேண்டியது இரண்டு. மீதிப் பதினெட்டை யார் வாங்குவார்கள்? கிடாப்பன்றி 250 கிலோவுக்கு மேல் போகும், அதற்குத் தனிக் கொட்டில். பிறந்த குட்டிக்கு முதல் நாட்களில் 32 டிகிரிச் சூடு வேண்டும், தாய்க்கோ இருபதுக்குள் இருந்தால்தான் சுகம். ஒரே அறையில் இரண்டு பருவம் வைக்க வேண்டும். தாய் புரண்டு படுக்கும்போது நசுங்கிச் சாகும் குட்டிகளை ராத்திரியெல்லாம் காவல் காத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டு மூன்று தடவை வாங்கி வளர்த்துப் பழகிய பிறகு அதை யோசியுங்கள்.

குட்டி வாங்கும்போது தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஆள் பக்கத்தில் போனதும் தாய்ப்பன்றி வாயைத் திறந்து பாய்கிறதா, மோந்து பார்க்க வருகிறதா என்பதிலேயே குட்டியின் குணம் பாதி தெரியும். எட்டு வாரக் குட்டி 15 முதல் 20 கிலோ இருக்க வேண்டும். வால் பக்கம் உலர்ந்து சுத்தமாக, மயிர் படிந்து மினுங்க, இருமல் இல்லாமல், தொப்புளில் வீக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். கூட்டத்தில் சின்னதைப் பார்த்து இரக்கப்படாதீர்கள். அது கடைசிவரை பின்னாலேயேதான் வரும். ஆண் குட்டி என்றால் காயடித்துப் புண் ஆறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயது ஏறும்போது கறியில் ஒரு வாடை வரக்கூடும். பெண் குட்டி இரண்டாகக் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒன்று மட்டும் வாங்குவது மிச்சம் இல்லை. தனிப் பன்றி ஏங்கும், போட்டிக்கு ஆளில்லாமல் குறைவாகத் தின்னும்.

வளர்கிறதா என்று தராசு இல்லாமலே பார்க்கலாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்குங்கள். காதுகளுக்கு நடுவிலிருந்து வால் முளைக்கும் இடம்வரை நீளத்தை அளந்து அதனாலும், பிறகு 69.3-ஆலும் பெருக்கினால் கிலோ வரும். சுற்றளவு 1.05, நீளம் 1.10 என்றால் 84 கிலோ. தீவனத் தொட்டியில் தலை கவிழ்ந்திருக்கும்போது அளந்தால் உதறாது.

கோழியையும் பன்றியையும் ஒரே அடைப்பில் விடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். பசித்த பன்றிக்குப் பக்கத்தில் வருகிற கோழியும் தீவனம்தான். ஒரு தடவை ருசி கண்டால் மறக்காது. பறவைக் காசம், செஞ்சரும நோய் எனப்படும் எரிசிப்பிலஸ், சில ஃப்ளூ வைரஸ்கள் இரண்டுக்கும் இடையே போய்வரும். தண்ணீர், தொட்டி, மண்வெட்டி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். காலையில் முதலில் கோழி, பிறகு பன்றி.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வருடம் கோழியோடு நிறுத்துவேன். பன்றி அடுத்த வருடம், அதுவும் வேலி முடிந்த பிறகு. மின்வேலியில் இரண்டு கம்பி போதும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று. ஆனால் பழகாத குட்டி கம்பி பட்டதும் பின்னால் போகாது, அலறிக்கொண்டு முன்னால்தான் பாயும். அதனால் வந்த முதல் வாரம் கெட்டியான பலகை அடைப்புக்குள் வைத்து, அந்தப் பலகைக்கு உட்பக்கமாகவே ஒரு கம்பியை ஓட்டுங்கள். முன்னால் பாய வழியில்லாமல் இரண்டு தடவை மூக்கில் வாங்கிக்கொண்டால், பிறகு கம்பியைக் கழற்றி எடுத்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டத் தயங்கும். என் பன்றிகளை இடம் மாற்றுவதற்கு, முன்பு கம்பி இருந்த இடத்தில் வைக்கோலைப் பரப்பி மறைத்துத்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது.